மந்தைவெளியில் மரம் நடுவது கடைசி வேலை: வேலூர்ப் பக்கத்து ஊர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மந்தைவெளி மாதிரி ஊர்ப் பொது நிலத்துக்கு ஏதாவது செய்வோம் என்று நாலு பேர் கூடினால், அடுத்த நிமிடமே ஒருவர் மரக்கன்றுக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். 500 கன்று, 500 கூண்டு, ஒரு பேனர், ஒரு குரூப் போட்டோ. அடுத்த கத்திரி வெயில் முடியும்போது கூண்டுகள் மட்டும் நிற்கும். ஒருவேளை கன்றுகள் பிழைத்துவிட்டாலும், அதுவரை அங்கே வாழ்ந்துகொண்டிருந்த சில உயிர்கள் இடம் இல்லாமல் போயிருக்கும்.

மந்தைவெளியை வெறும் நிலம் என்று நினைப்பதுதான் சிக்கல். ஆட்காட்டிக் குருவி திறந்த தரையில், கூழாங்கல் நடுவே முட்டையிடும். பச்சைப் பஞ்சுருட்டான் மண் சரிவில் வளை தோண்டும். கவுதாரிக்கு முள் புதரும் அதை ஒட்டிய புல்லும் வேண்டும். உழவாரன் பனையோலையில் ஒட்டிக் கூடு கட்டும். உடும்பு கரையான் புற்றில் முட்டை வைக்கும். இவற்றில் எதுவும் நம் கன்றுக்காகக் காத்திருக்கவில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் மரம் நடுவது கிட்டத்தட்ட கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

நிலம் எந்தக் கணக்கில் இருக்கிறது?

ஊரில் எல்லோரும் மந்தைவெளி என்று சொல்லும் இடம், பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்காக இருக்கலாம், ஏரி புறம்போக்காக இருக்கலாம், தோப்புப் புறம்போக்காக இருக்கலாம், கோயில் நிலமாகவும் இருக்கலாம். நாலுக்கும் நாலு அலுவலகம். கிராம நிர்வாக அலுவலரிடம் நிலத்தின் வகை எழுதியிருக்கும் அ-பதிவேட்டையும் எல்லை வரைந்த புலப்படத்தையும் பாருங்கள். சர்வே எண், பரப்பு, வகைப்பாடு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏரியை ஒட்டிய இடமானால் இன்னொரு கேள்வி உண்டு. 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி பொதுவாக நீர்வளத்துறையின் கையில் இருக்கும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் கையில். ஏரிக்குள் வரிசையாகக் கருவேல மரங்கள் நின்றால் அவை 1980-களில் சமூகக் காடுகள் திட்டத்தில் வனத்துறை வளர்க்க ஆரம்பித்த தோப்பாக இருக்கலாம். அதில் கை வைப்பதற்கு முன் வனச்சரக அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

ஆக்கிரமிப்பு இருந்தால் அளவை செய்து தரச்சொல்லி வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத் திட்டம் வகுக்கும்படி, 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. மனுவில் அதைக் குறிப்பிடலாம். ஆனால் என் கருத்து இது: முதல் வருடம் ஆக்கிரமிப்புச் சண்டையில் இறங்காதீர்கள். சண்டை இல்லாத பகுதியில் வேலையைத் தொடங்குங்கள். ஓர் ஓரத்தில் குட்டையில் தண்ணீர் நின்று, புல் முளைத்து, ஊரே வந்து பார்க்க ஆரம்பித்துவிட்டால், ஆக்கிரமித்தவரிடம் பேசும் தொனியே மாறிவிடும்.

ஒரு சுற்று பருவம் பார்த்துக்கொண்டிருங்கள்

குறைந்தது தை முதல் ஐப்பசி வரை, மாதம் இரண்டு முறை காலையில் ஒரே பாதையில் நடந்து, கண்டதை எழுதுங்கள். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். எழுத வேண்டியது பட்டியல் மட்டும் இல்லை, எது எந்த இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதும்தான். பனங்காடை எந்த மொட்டைப்பனைக்குள் போகிறது, மழைத் தண்ணீர் எந்தப் பள்ளத்தில் எத்தனை நாள் நிற்கிறது, ஆடுகள் எந்த ஓரத்தைத் தின்னாமல் விடுகின்றன, தூக்கணாங்குருவி எந்த ஈச்சமரத்தைத் தேர்ந்தெடுத்தது.

இதில் உங்களுக்கு வாத்தியார், ஆடு மேய்ப்பவர்தான். அவருக்குத் தெரிந்ததில் பாதி எந்தக் கையேட்டிலும் இருக்காது. முயல் எங்கே குட்டி போடும், எந்தப் புற்றில் பாம்பு இருக்கிறது, முன்பெல்லாம் நரி எங்கே ஊளையிடும் என்று கேட்டால் நின்று சொல்வார். முன்பு இருந்து இப்போது இல்லாதவை எவை என்று ஊர்ப் பெரியவர்களிடம் தனியாகக் கேளுங்கள். அந்தப் பட்டியல்தான் உங்கள் திட்டத்தின் குறிக்கோள்.

பிறகு கோயில்களுக்குப் போங்கள். முனீஸ்வரன் கோயில், பச்சையம்மன் கோயில், ஏழு கன்னியர் கோயில் என்று மண் குதிரைகள் நிற்கும் இடங்களில், யாரும் கத்தி வைக்காத பழைய மரங்களும் கொடிகளும் இன்னும் இருக்கும். உங்கள் ஊர் மண்ணில் என்ன வளரும் என்பதற்கு அதைவிட நம்பகமான மாதிரி வேறு கிடையாது. பின்னால் விதை எடுக்கப் போவதும் அங்கேதான்.

பேச்சுவார்த்தை: இதில் அவசரப்படக் கூடாது

பொது நிலம் என்றால் யாருக்கும் இல்லாத நிலம் என்று அர்த்தம் இல்லை. பலருக்குப் பல விதத்தில் அது தேவை. மாடு விடும் திருவிழாவுக்கு ஓடுதளம் வேண்டும். பாரதக் கூத்து நடக்கும் ஊரானால், கடைசி நாள் படுகளத்துக்கு மண்ணில் துரியோதனனைப் படுக்க வைக்கப் பெரிய திடல் வேண்டும். பையன்களுக்குக் கிரிக்கெட். நெல்லும் கேழ்வரகும் வேர்க்கடலையும் காய வைக்க இடம். விறகு பொறுக்கும் பெண்கள். ஆடு மாடு வைத்திருப்பவர்கள். இவர்களில் ஒருவரை விட்டுவிட்டுத் திட்டம் போட்டாலும் அவர் மூலமாகவே அது உடையும்.

கூட்டத்தை எங்கே போடுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். கோயில் மண்டபத்தில் கூட்டினால் காலனியிலிருந்து பலர் வரமாட்டார்கள், வந்தாலும் ஓரமாக நின்றுவிட்டுப் போய்விடுவார்கள். பள்ளிக்கூட வளாகமோ ரேஷன் கடை முன்னாலோ எல்லோருக்கும் பொதுவாக இருக்கும். வெள்ளாடு வைத்திருப்பவர்களில் நிலம் இல்லாதவர்கள்தான் அதிகம். மேய்ச்சலை மூடும் முடிவை நிலம் உள்ளவர்கள் மட்டும் எடுத்தால் அது அநியாயம், நிலைக்கவும் நிலைக்காது.

"நீங்க பாட்டுக்கு வேலி போட்டுட்டா எங்க ஆடு எங்கப்பா போவும்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்குப் பதில் இல்லாமல் கூட்டத்துக்குப் போகாதீர்கள். சரியான பதில் சுழற்சிதான்: மேய்ச்சல் பகுதியை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு மழைக்காலமும் ஒரு பங்கை மட்டும் மூடி வைப்பது. மூடிய பங்கில் விளையும் புல்லை அறுத்துக்கொண்டு போக அனுமதி உண்டு, ஆடு விட அனுமதி இல்லை. புல் விதை உதிர்ந்த பிறகு, மார்கழி, தை வாக்கில் திறந்துவிடலாம். இரண்டாம் வருடம் மூடித் திறந்த பங்கில் புல் எவ்வளவு என்று ஆட்டுக்காரரே பார்த்துவிடுவார்.

ஊர் ஒத்துக்கொண்டதைக் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடும். தண்ணீர் சம்பந்தப்பட்ட தீர்மானத்தை உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-க்கு வைத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும். தீர்மானத்தில் சர்வே எண், எந்தப் பகுதி எதற்கு, மேய்ச்சல் சுழற்சி, பராமரிப்புக் குழுவில் யார் யார் என்பதெல்லாம் தெளிவாக வர வேண்டும். நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஊராட்சித் தலைவர் மாறுவார், தீர்மானம் இருக்கும்.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் எழுத வேண்டும். பல இடங்களில் அது காகிதத்தில் மட்டும் இருக்கிறது. உங்கள் பகுதிக்கான குழு எது என்று ஒன்றிய அலுவலகத்தில் விசாரித்து, உங்கள் நோட்டில் உள்ளதை அந்தப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். நாளை அந்த நிலத்தில் ஏதாவது கட்டடம் வரப்போகிறது என்றால், கையில் இருக்கும் ஆவணம் அதுதான்.

இடத்தைப் பங்கிடுவது

ஐந்து ஏக்கர் மந்தைவெளி என்று வைத்துக்கொள்வோம். நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன்: இரண்டு ஏக்கர் அப்படியே திறந்த திடல், திருவிழாவுக்கும் விளையாட்டுக்கும் ஆட்காட்டிக்கும். ஒன்றரை ஏக்கர் புல், சுழற்சி மேய்ச்சலோடு. முக்கால் ஏக்கர் முள் புதர், அதுவும் ஓரங்களில் நீளமாக. அரை ஏக்கர் மரங்கள், சாலையையும் வரத்துக் கால்வாயையும் ஒட்டி. மிச்சக் கால் ஏக்கர் குட்டை, தண்ணீர் தானாக நிற்கும் பள்ளத்தில். அதாவது மரம் பத்தில் ஒரு பங்குதான். கேட்டதும் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இந்த மாவட்டத்தின் இயல்பான காடே உயரமான சோலை இல்லை. துரிஞ்சியும் வெள்வேலும் இலந்தையும் காரையும் நடுநடுவே புல்லும் கலந்த முள் காடு. ஊர்ப் பொதுவெளி அதன் சிறிய துண்டு.

வேலிகாத்தானை எடுப்பது

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அன்றைய சென்னை மாகாணத்துக்கு விறகுக்காகக் கொண்டுவந்த மரம் இது. தெற்கே சீமைக் கருவேலம் என்பார்கள். இன்று வேலூர் மாவட்டத்து ஏரி, ஓடை, புறம்போக்கு எல்லாவற்றிலும் அதுதான். இதை எடுக்காமல் புல்லும் வராது, நம் புதர்களும் வராது. ஆனால் எடுக்கும் விதத்தில்தான் விஷயம்.

முதலில், புறம்போக்கில் உள்ள எந்த மரத்தையும் நீங்களாக வெட்டி விற்க முடியாது. ஊராட்சித் தீர்மானம், வருவாய்த்துறை அனுமதி, மர மதிப்பீடு, ஏலம் என்று முறை இருக்கிறது. ஏல நிபந்தனையில் ஒரு வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்: வேரோடு எடுக்க வேண்டும். கரிமூட்டத்துக்கு எடுப்பவர்கள் தரைமட்டத்துக்கு வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் தழைத்து, அடுத்த வருடம் முன்பைவிட மோசமான புதராக நிற்கும். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில்தான் மொட்டுகள் இருக்கின்றன. தரைக்குக் கீழே ஓர் அடி வரை தோண்டி அந்தக் கழுத்தையே எடுத்துவிட்டால் மீண்டும் வராது.

காலம் தை கடைசி முதல் பங்குனி வரை. மண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும், வேர் இலகுவாக வரும். காய் பழுத்து விழும் கோடைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். ஆடு மாடுகள் அந்த இனிப்புக் காயைத் தின்று, விதையைச் சாணத்தோடு ஊர் முழுக்க விதைத்துவிடும். ஏரிக்குள் இருக்கும் மரமானால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கொக்கும் நீர்க்காகமும் மழைக்குப் பின் அதன் மேல் கூடு கட்டியிருக்கலாம். குஞ்சுகள் பறக்கும் வரை அந்த மரங்களைத் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஜேசிபி வைத்து வழித்துவிடும் ஆசை வரும். வேண்டாம். வேறு புதர் இல்லாத இடத்தில் கவுதாரிக்கும் கீரிக்கும் முயலுக்கும் இப்போதைக்கு அதுதான் வீடு. வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு எடுங்கள். எடுத்த இடத்தில் நம் புதர் எழும்பிய பிறகு அடுத்த பங்கு. அப்புறம் மூன்று நான்கு வருடத்துக்கு ஒவ்வொரு மழைக்குப் பின்னும் முளைக்கும் குட்டிச் செடிகளைக் கையால் பிடுங்க வேண்டும். ஈர மண்ணில் விரல் நீளச் செடியைப் பிடுங்குவது பிள்ளைகளுக்குக்கூட விளையாட்டு. அதையே விட்டு வைத்தால் மறுபடி ஜேசிபி வாடகைதான். பெரும்பாலான ஊர்கள் தோற்பது இந்த இடத்தில்.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், கையுறை போட்டு, வேரோடு பிடுங்குங்கள். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் உள்ளவர்களை இந்த வேலைக்கு அழைக்காதீர்கள். உண்ணிச்செடி இருந்தால் அதையும் வேர்க்கட்டையோடு எடுக்க வேண்டும்.

தண்ணீர்

வேலூர்ப் பக்கம் கடலோர மாவட்டங்களைப் போல வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பியது இல்லை. தென்மேற்குப் பருவத்திலும் சாயங்கால இடி மழை நன்றாகவே விழும். ஆகவே ஆனி முடிவதற்குள் மண் வேலை முடிந்திருக்க வேண்டும்.

முதலில் வரத்துக் கால்வாய். ஏரிக்கோ குட்டைக்கோ எங்கிருந்து தண்ணீர் வந்தது என்று ஊர்ப் பெரியவர் ஒருவரோடு நடந்து போய்ப் பாருங்கள். பாதி இடங்களில் குட்டையில் கோளாறே இருக்காது. காவா அடைத்திருக்கும், அல்லது மேலே யாரோ ரோடு போடும்போது குழாய் வைக்காமல் விட்டிருப்பார்கள். கால்வாயைத் திறந்தாலே பாதி வேலை முடிந்தது.

குட்டையை ஆழப்படுத்தினால் கிணறு மாதிரி செங்குத்தாக வெட்டக் கூடாது. ஒரு பக்கமாவது கால்நடை நடந்து இறங்கும் அளவுக்குச் சாய்வாக இருக்க வேண்டும். முழங்கால் ஆழத்துக்கும் குறைந்த அந்த ஓரத் தண்ணீரில்தான் தவளை முட்டையிடும், தும்பி வளரும், வலசை வரும் வாலாட்டியும் உள்ளானும் இரை தேடும். ஒரு கரையை மட்டும் ஒரு ஆள் உயரத்துக்கு நேர் சுவராக, வெறும் மண்ணாக விட்டு வையுங்கள். பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும் அதில் வளை தோண்டும். பங்குனி முதல் ஆனி வரை அந்தச் சரிவைச் சீவக் கூடாது, உள்ளே குஞ்சுகள் இருக்கும். கரையைச் சுற்றிக் கல் பதித்து, சிமெண்ட் பூசி, நடைபாதை போட்டு, கம்பி வேலி அமைப்பது இப்போது ஃபேஷனாகிவிட்டது. பார்க்கச் சுத்தமாக இருக்கும், தவளை கரையேற முடியாது.

எடுக்கும் வண்டலைக் கழனிக்குக் கொண்டுபோக வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி கேட்கலாம். தோல் பதனிடும் தொழில் நடக்கும் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை சுற்று வட்டாரமானால், முதலில் மண்ணையும் தண்ணீரையும் சோதித்துப் பார்த்துவிடுங்கள். விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் வழி கேட்கலாம். தோல் கழிவுநீரால் பாலாற்றங்கரைக்கு வந்த பாதிப்புதான் 1996-இல் உச்ச நீதிமன்றத்தின் புகழ்பெற்ற தீர்ப்பு வரை போனது. உப்பு ஏறிய வண்டலை நல்ல கழனியில் கொட்டிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

குட்டையில் மீன் விடும்போது ஆப்பிரிக்கக் கெளுத்தி விடவே கூடாது. நாட்டில் தடை செய்யப்பட்ட மீன், தவளைக் குஞ்சு முதல் நாட்டு மீன் வரை எதையும் மிச்சம் வைக்காது. ஜிலேபிக் கெண்டையும் வேண்டாம். நல்ல மழையில் கால்வாய் வழியாகக் கெளுத்தி, குரவை, அயிரை எல்லாம் தானாக வந்து சேரும்.

ஆள் பலத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். இதே மாவட்டத்தில் நாகநதிக்கு உயிர் கொடுக்கும் வேலையில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள்தான் நீர் செறிவூட்டும் கிணறுகளைக் கட்டினார்கள். உங்கள் ஊர்க் குட்டை அதைவிடச் சின்ன வேலை. ஊரக வேலைத் திட்டத்தின் பணிப் பட்டியலில் சேர்க்கக் கிராம சபையிலேயே கேளுங்கள். பணம் குறைந்தால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது, ஊர் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும்.

புல்லும் புதரும்

புல்லுக்குச் செய்ய வேண்டியது பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். வேலிகாத்தான் போய், ஒரு மழைக்காலம் ஆடு வராமல் இருந்தால் மண்ணில் கிடக்கும் விதை முளைக்கும். ரொம்பக் கட்டாந்தரையாக இருந்தால், சரிவுக்குக் குறுக்கே முக்கால் அடி ஆழத்துக்குச் சிறு வாய்க்கால் கீறி, கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவுங்கள். ஆடு மாடும் விரும்பித் தின்னும், வேரும் மண்ணைப் பிடிக்கும்.

புதர் என்றாலே பாம்பு வரும் என்று பயப்படுவார்கள். வரும்தான். எலி இருக்கும் இடத்துக்குச் சாரையும் நல்லபாம்பும் எப்படியும் வரும், புதரே இல்லாத களத்துமேட்டுக்கும் வரும். அதனால் புதர்ப் பட்டையை வீடுகள், அங்கன்வாடி, நடைபாதை இவற்றிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி அமையுங்கள். வழியை அகலமாக, வெட்டவெளியாக வைத்திருங்கள். ராத்திரி அந்தப் பக்கம் போகிறவர் டார்ச் இல்லாமல் போகக் கூடாது. கடித்தால் மந்திரிப்பு, கட்டு, கீறல் எதுவும் இல்லாமல் நேராக விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு. இதைப் பலகையில் எழுதி வைத்தாலும் தப்பில்லை.

என்ன புதர் வைக்கலாம்? ஓரத்தில் உயிர்வேலியாகக் கிளுவையும் நொச்சியும். மழை தொடங்கியதும் போத்துகளை வெட்டி நட்டால் பிடித்துக்கொள்ளும், காசு செலவில்லை. உள்ளே சூரை, இலந்தை, காரை, களா, சங்கஞ்செடி, ஆவாரை, விராலி. சூரைமுள்ளும் சங்கஞ்செடியும் உடம்பெல்லாம் முள். ஆடு நெருங்காது, பூனையும் நெருங்காது, அதனால்தான் சின்னக் குருவிகள் அதற்குள் கூடு கட்டும். பழம் பழுக்கும் காலத்தில் கொண்டைக்குருவிகள் வந்து தின்று, மற்ற செடிகளின் விதையையும் அங்கே போட்டுவிட்டுப் போகும். நீங்கள் பத்துப் புதர் வைத்தால் ஐந்து வருடத்தில் பறவைகள் மீதியை வைத்துவிடும்.

வண்ணத்துப்பூச்சிக்காகத் தனியாகப் பூங்கா போட வேண்டியதில்லை. அதன் புழு எந்த இலையைத் தின்னுமோ அந்தச் செடியைப் பிடுங்காமல் இருந்தால் போதும். எருக்கு, ஆவாரை, ஆடுதின்னாப்பாளை, வேலியில் படரும் ஈஸ்வரமூலி. கோயில் கிணற்றடியில் ஒரு எலுமிச்சையும் கறிவேப்பிலையும் இருந்துவிட்டால் இன்னும் இரண்டு மூன்று வகை கூடும். கிலுகிலுப்பைச் செடி காய்ந்து கிடக்கும்போது கருப்பும் நீலமுமாக வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

இப்போது மரம்

விதையை ஊரிலேயே எடுங்கள். புங்கன் காய் கோடையில் கிடைக்கும். வேம்பு, நாவல், இலுப்பை மூன்றும் ஆனி, ஆடியில் பழுக்கும். இந்த மூன்றையும் காய வைத்துப் பத்திரப்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். பொறுக்கிய சில நாளில் விதைத்துவிட வேண்டும், வாரக்கணக்கில் வைத்தால் முளைப்பு போய்விடும். மகளிர் குழு ஒன்று பள்ளிக்கூடக் கிணற்றடியில் நாற்றங்கால் போட்டால், அடுத்த வருடம் புரட்டாசிக்கு நடக்கூடிய கன்று கையில் இருக்கும். பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் மூலம் வனத்துறை நாற்றங்கால்களிலும் கன்று கிடைக்கும். ஆனால் சூரையும் காரையும் அங்கே எதிர்பார்க்க முடியாது.

கால்வாய் ஓரத்தில் மருதம், நாவல், புங்கன். திடலின் ஓரத்தில் வேம்பு, இலுப்பை, வாகை, துரிஞ்சி. ஆலும் அரசும் அத்தியும் இச்சியும் ஒவ்வொன்று போதும், இடம் விட்டு வையுங்கள். வேறு எந்த மரமும் பழுக்காத மாதத்திலும் இவற்றில் ஏதாவது ஒன்று பழுத்திருக்கும். உப்புத் தரையானால் புங்கனும் பனையும் தாங்கும். கரை நெடுகப் பனை. ஆடி முதல் புரட்டாசி வரை விழும் பனங்கொட்டையைப் பொறுக்கி, அரை அடிக்குச் சற்று ஆழமாகப் புதைத்துவிட்டால் போதும், தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். தைல மரம், சுபாபுல், கோனோகார்ப்பஸ் மூன்றும் வெளிநாட்டு மரங்கள், இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். கொடுக்காப்புளி மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். ஆனால் ஏற்கெனவே நிற்கிற மரத்தை வெட்டச் சொன்னால் ஊர்ப் பிள்ளைகள் என்னை உள்ளேயே விடமாட்டார்கள். அது பாட்டுக்கு இருக்கட்டும்.

நடும் முறையில் பெரிய வித்தை இல்லை. ஒன்றரை அடிக் குழி, மேல்மண் தனியாக, கொஞ்சம் மக்கிய எரு, சுற்றிலும் மழைநீர் தங்கப் பாத்தி, மேலே காய்ந்த புல் மூடாக்கு. கம்பிக் கூண்டுக்குப் பதில் வெட்டிய முள்ளைச் சுற்றிப் படல் கட்டலாம். வேலிகாத்தான் முள்ளே அதற்குப் பயன்படும், காய் இல்லாத கிளையாகப் பாருங்கள். முக்கியமான கணக்கு ஒன்றுதான்: முதல் இரண்டு கோடைக்கும், தை கடைசியிலிருந்து ஆடி வரை, வாரம் ஒரு குடம் தண்ணீர் எத்தனை கன்றுக்கு ஊற்ற ஆள் இருக்கிறது? அத்தனை கன்று மட்டும் நடுங்கள். 30 என்றால் 30.

தொடாமல் விட வேண்டியவை

செத்து நிற்கும் மொட்டைப்பனை, பொந்து விழுந்த பழைய வேம்பு, கரையான் புற்று, கற்குவியல், பழைய கிணற்றின் கல் இடுக்கு. சுத்தம் செய்கிறோம் என்று முதலில் போவது இவைதான். பனங்காடை, கிளி, மைனா, புள்ளி ஆந்தை எல்லாம் பொந்தை நம்பி வாழ்பவை. பட்ட பனையை யாராவது விறகுக்குக் கேட்டால் பக்கத்தில் காய்ந்த வேறு மரத்தைக் காட்டுங்கள். பச்சைப் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசே சொல்லிவிட்டது.

தீ, நாய், விளக்கு

மாசி பிறந்ததும் புல் பகுதியைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுங்கள். பீடித்துண்டு ஒன்றில் மொத்தமும் போய்விடும். பழைய புல்லைக் கொளுத்தினால் புதுப் புல் வரும் என்று சிலர் வேண்டுமென்றே வைப்பதும் உண்டு. அவர்களிடம் கூட்டத்திலேயே பேசி முடித்திருக்க வேண்டும்.

கோழிக்கடைக் கழிவைக் கொட்ட விட்டால் தெருநாய்க் கூட்டம் சேரும். தரையில் முட்டையிடும் பறவைக்கும் முயல் குட்டிக்கும் நாயைவிடப் பெரிய எதிரி கிடையாது. கழிவு நின்றால் கூட்டம் குறையும்.

ஹைமாஸ் விளக்கு கேட்டு மனு போடும்போது அதைச் சாலைப் பக்கம் மட்டும் வெளிச்சம் விழும்படி வைக்கச் சொல்லுங்கள். குட்டையின் மேலே விளக்கு எரிந்தால் பூச்சிகள் எல்லாம் அதைச் சுற்றியே செத்து விழும்.

கவுதாரிக்கும் முயலுக்கும் கண்ணி வைப்பது, உடும்பு பிடிப்பது எல்லாம் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையைக் கூப்பிடுவதற்கு முன் ஊருக்குள்ளேயே ஒரு முறை சொல்லிப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் பிடிப்பவர் யார் என்று ஊருக்கே தெரிந்திருக்கும்.

காட்டை ஒட்டிய ஊர்களுக்கு

குடியாத்தம், பேரணாம்பட்டு மலையடிவார ஊர்களுக்கு மேலே சொன்னதில் சில பொருந்தாது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவின் கவுண்டின்யா சரணாலயம், அங்கிருந்து யானை வரும். சிறுத்தை நடமாட்டமும் உண்டு. இங்கே ஊரை ஒட்டி அடர்ந்த புதர் வளர்க்கக் கூடாது. பலா, வாழை, மூங்கில் எதையும் பொதுவெளியில் வைக்கக் கூடாது. பார்வை மறையாத திறந்த புல்வெளிதான் அந்த ஊர்களுக்குப் பாதுகாப்பு. குட்டையையும் வீடுகளுக்கும் காட்டுக்கும் நடுவே வெட்டாமல், வனச்சரகரைக் கேட்டு இடம் முடிவு செய்யுங்கள்.

கணக்கெடுப்பும் தகராறும்

ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், வருடம் மூன்று முறை போட்டோ எடுங்கள்: சித்திரை, ஆவணி, தை. ஒரு கல் நட்டு அதன் மேல் போனை வைத்து எடுத்தால் கோணம் மாறாது. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊருக்கு வரும் பிள்ளைகளை அன்று காலையில் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொண்டு போங்கள். கண்டதைப் பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் இணையதளத்தில் ஏற்றலாம்.

இரண்டாம் வருடத்தில் புகார்கள் வரும், தயாராக இருங்கள். மயில் வந்து வேர்க்கடலையைக் கிளறுகிறது என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். விதைக்கும் பத்து நாளும் முளை விடும் பத்து நாளும் கொல்லையில் ஆள் காவல் வேண்டியிருக்கும். அதற்கான கூலியைப் பொதுப் பணத்திலிருந்து ஊர் கொடுக்கலாம் என்று முதல் தீர்மானத்திலேயே ஒரு வரி எழுதி வைத்திருந்தால், அந்தப் புகார் சண்டையாக மாறுவதற்கு முன்பே குழுவின் வரவு செலவு நோட்டில் ஒரு செலவுக் கணக்காக முடிந்துவிடும்.